பிடிக்கும் துளை, விடும் துளை

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஓட்டையைப் பற்றி. இரும்பிலும் மரத்திலும் போல்ட்டுக்காகவும் ஸ்க்ரூவுக்காகவும் நாம் போடும் ஓட்டைக்கு எந்த அளவு டிரில் எடுப்பது என்பதுதான் கேள்வி. சுவரில் தொங்கும் அட்டவணையைப் பார்த்தால் தெரிந்துவிடும், இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். எம்6 போல்ட்டின் வெளிவிட்டம் 6 மி.மீ. அதைக் கொண்டு இரண்டு தகடுகளைச் சேர்க்கிறோம். மேல் தகட்டில் போல்ட் நுழைந்து போகவேண்டும். கீழ்த் தகட்டில் மரை வெட்டி, அதில் போல்ட்டை முறுக்கவேண்டும். மேல் தகட்டுக்கு அட்டவணை சொல்லும் துளை 6.6 மி.மீ. கீழ்த் தகட்டுக்குச் சொல்லும் துளை 5 மி.மீ. போல்ட்டின் பெயரிலேயே இருக்கும் ஆறு, இரண்டு துளையிலும் இல்லை. ஒரே போல்ட்டுக்கு, ஒரே நேர்கோட்டில், இரண்டு வேறு அளவுகள். ஏனென்றால் கீழ்த்துளையின் வேலை பிடிப்பது. மேல்துளையின் வேலை விடுவது. துளையின் அளவைத் தீர்மானிப்பது போல்ட்டின் பருமன் மட்டுமல்ல, அந்தத் துளையிடம் நாம் கேட்கும் வேலை. இதை ஒப்புக்கொண்டால் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டாக வேண்டும்: துளை எவ்வளவு இறுக்கமோ இணைப்பு அவ்வளவு வலு என்று நம் பட்டறைகளில் வேரோடிக் கிடக்கும் நம்பிக்கை, பிடிக்கும் துளைக்கும் பொருந்தாது, விடும் துளைக்கும் பொருந்தாது. இதை நிறுவுவதுதான் இந்தப் பேச்சின் நோக்கம்.

பிடிக்கும் துளையிலிருந்து தொடங்குவோம். மரையில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரத்தைப் பிட்ச் என்கிறோம். மெட்ரிக் போல்ட்டுக்கு டேப் அடிக்கும் முன், அதாவது துளைக்குள் மரை வெட்டும் கருவியை இறக்கும் முன், போடவேண்டிய துளைக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: வெளிவிட்டத்திலிருந்து பிட்ச்சைக் கழியுங்கள். எம்6-க்குப் பிட்ச் 1; துளை 5. எம்8-க்குப் பிட்ச் 1.25, துளை 6.75, கடையில் கிடைக்கும் டிரில் 6.8. எம்10-க்குப் பிட்ச் 1.5, துளை 8.5. எம்12-க்குப் பிட்ச் 1.75, துளை 10.25, புழக்கத்தில் 10.2. அட்டவணை தொலைந்துபோனாலும் இந்தக் கழித்தல் கையோடு இருக்கும். ஆனால் இந்தக் கழித்தல் நமக்குத் தருவது முழு மரை அல்ல. எம்6-இல் மரையை முழு ஆழத்துக்குப் பெறவேண்டுமானால் துளை 4.7 மி.மீ. இருக்கவேண்டும். 5 மி.மீ. துளையில் கிடைப்பது அதில் சுமார் 77 சதவீதம். அதாவது உலகம் முழுவதும் பின்பற்றப்படும் அட்டவணையே, கிட்டத்தட்ட கால்பங்கு மரையை வேண்டாம் என்று தள்ளிவிட்டுத்தான் தொடங்குகிறது. தரநிர்ணயம் அதற்கு மேலும் இடம் கொடுக்கிறது. வழக்கமான 6எச் தரத்தில் எம்6 நட்டின், அதாவது எந்த உள்மரையின், உள்விட்டமும் 4.917 முதல் 5.153 மி.மீ. வரை இருக்கலாம். 5.1 மி.மீ. துளையும் தரத்துக்கு உட்பட்டதுதான். அதில் கிடைக்கும் மரை 69 சதவீதம். கால்பங்கை எறிந்துவிட்டும் இணைப்பு எப்படித் தாங்குகிறது?

விடை மரைப்பல்லின் வடிவத்தில் இருக்கிறது. நட்டின் பல்லைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அது மலைபோல இருக்கும்: உலோகத்தோடு ஒட்டியிருக்கும் அடிவாரம் அகலம், துளையை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் உச்சி குறுகல். எம்6-இல் அடிவாரத்தின் அகலம் 0.875 மி.மீ. 5 மி.மீ. துளையில் உச்சியின் அகலம் 0.3 மி.மீ. மட்டும். துளையை 4.7 ஆகச் சுருக்கினால் இந்த மலைக்குக் கூடுவது, உச்சிக்கு மேல் இன்னொரு மெல்லிய கூர். அதன் நுனி அகலம் 0.12 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். இப்போது யோசியுங்கள். அலுமினியம் போன்ற மெதுவான உலோகத்தில் வெட்டிய மரை, உறுதியான எஃகு போல்ட்டை எதிர்த்து நிற்கமுடியாமல் பிய்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எங்கே பிய்யும்? உச்சியில் அல்ல. போல்ட்டின் வெளிவிட்டம் தொடும் இடத்தில், அதாவது அடிவாரத்தில், உருளையாக அறுத்துக்கொண்டு வரும். அந்த அடிவாரம் துளை 4.7 ஆனாலும் 0.875 தான், 5.1 ஆனாலும் 0.875 தான். துளையைச் சிறிதாக்கி நாம் கூட்டுவது எல்லாம் வேலை செய்யாத உச்சியை. மரை பிய்கிறதே என்று அடுத்த முறை டிரில்லைச் சின்னதாக எடுப்பவர், வேர் வலுவில்லாத மரத்துக்குக் கிளையில் கழி கட்டுகிறார்.

மறுபக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் வாதம் ஒருபக்கச் சார்பாகிவிடும். நட்டின் பல் பிய்யாமல் போல்ட்டின் பல் பிய்ந்தால்? அது துளையின் விட்டத்தில்தான் அறும். ஆகவே துளை பெரிதாகப் பெரிதாக, போல்ட்டின் பல் மெலிந்த இடத்தில் அறுபடுகிறது. இது உண்மை. எவ்வளவு மெலிகிறது என்பதுதான் கேள்வி. எம்6-இல் துளை 5 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு அறுபடும் பரப்பு ஏறத்தாழ 11 சதுர மி.மீ. துளை 5.1 ஆனால் 10.3. துளையை 5.35 வரை பெரிதாக்கி, மரையைப் பாதியாகவே குறைத்துவிட்டாலும் 8.4. நட்டின் உயரம் 5 மி.மீ. என்றால் ஐந்து சுற்று. மொத்தம் 42 சதுர மி.மீ. அறுபடும் திசையில் எஃகின் வலு இழுவை வலுவில் சுமார் 60 சதவீதம். எனவே அந்த 42, இழுவைக் கணக்கில் 25-க்குச் சமம். ஆனால் எம்6 போல்ட்டின் தண்டு இழுவையைத் தாங்கும் பரப்பு 20.1 சதுர மி.மீ. மட்டுமே. பாதி மரை இருந்தாலும் மரை பிய்யும் முன்னால் போல்ட் அறுந்துவிடும் என்கிறது கணக்கு. 1914 முதல் பல பதிப்புகள் கண்டு வரும் அமெரிக்காவின் மெஷினரிஸ் ஹேண்ட்புக் சொல்வதும் இதை ஒட்டியதே: 55 முதல் 60 சதவீத மரை போதும், 75 சதவீதம் என்பது பாதுகாப்புக்காகக் கூட்டிக்கொண்டது. நான் சொன்னது குறைபாடில்லாத மரைக்கான கணக்கு. நிஜத்தில் டிரில் ஆடும், நட் சற்று விரியும், பல்லில் கீறல் இருக்கும். அதற்காகத்தான் நாம் பாதியில் நிற்காமல் முக்காலுக்குப் போகிறோம். முக்காலுக்கு மேலே போவதில் கிடைப்பது சொற்பம்.

கிடைப்பது சொற்பம் என்றால், கொடுப்பது எவ்வளவு? டேப் அடித்துப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு கையிலேயே தெரியும். எம்6 டேப் 4.7 மி.மீ. துளையில் இறங்கினால், ஒவ்வொரு சுற்றிலும் வெட்டவேண்டிய பள்ளத்தின் குறுக்குப்பரப்பு 0.325 சதுர மி.மீ. துளை 5 என்றால் அது 0.207. துளை 5.1 என்றால் 0.173. மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு துளையைப் பெரிதாக்கியதால் டேப்பின் வேலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. வேலை மட்டுமல்ல, சுருள் தங்கவும் இடம் கிடைக்கிறது. டேப்பின் பள்ளங்களில் சுருள் அடைத்துக்கொண்டால் டேப் திணறும். திணறும் டேப் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். டேப்பைக் கடினமான எஃகில் செய்வதால் உடைந்த துண்டைச் சாதாரண டிரில்லால் தோண்டி எடுக்கமுடியாது. பெரிய பொருளாக இருந்தால் மின்பொறி அரிப்பு இயந்திரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். சிறிய பொருளாக இருந்தால் தூக்கி எறியவேண்டியதுதான். துளை ஆழமாகவோ அடி மூடியதாகவோ இருந்தால், உலோகம் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால், இந்த ஆபத்து இன்னும் கூடும். துருப்பிடிக்காத எஃகு வெட்ட வெட்ட இறுகும் குணம் கொண்டது. அங்கே துளையைத் தரம் அனுமதிக்கும் மேல் எல்லையை ஒட்டி வைப்பதே விவேகம். ஒரு டேப்பின் விலையையும் ஒரு வேலைப்பொருளின் விலையையும், முக்காலுக்கு மேல் கிடைக்கும் அந்தச் சொற்ப வலுவோடு தராசில் வைத்துப் பாருங்கள். தட்டு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். பட்டறையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வார்த்தை அது: "சின்னதாப் போட்டா பெருசாக்கிக்கலாம், பெருசாப் போட்டா சின்னதாக்க முடியுமா?" கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, வெறும் துளைக்கு அது நியாயமும்கூட. ஆனால் டேப் இறங்கிய துளைக்கு அந்த நியாயம் கிடையாது. பாதி வெட்டிய மரைக்குள் பெரிய டிரில்லை விட்டால் அது பல்லைக் கவ்வி இழுக்கும், மரை கந்தலாகும். டேப் ஒடிந்துவிட்டாலோ பெரிதாக்கும் பேச்சுக்கே இடமில்லை. "சின்னதாப் போடு" என்பது டேப் எடுப்பதற்கு முன்பு வரைதான் புத்திமதி. அதோடு, கையில் பிடிக்கும் டிரில் தன் அளவைவிடச் சற்றுப் பெரிய துளையைத்தான் போடும். பிட்டின் இரண்டு வெட்டுமுனைகளும் சமமாகத் தீட்டப்படாதபோது இன்னும் பெரிதாகும். ஆகவே 5 மி.மீ. பிட் போட்ட துளை பல சமயம் 5.1-ஐ நெருங்கியே இருக்கும். அதனால் குடி முழுகிப்போவதில்லை என்பதை மேலே பார்த்தோம். இன்னொரு மறுப்பு: மெதுவான உலோகத்துக்கு மரை அதிகம் வேண்டாமா? வேண்டும். ஆனால் அது ஆழத்தில் வேண்டும், பல்லின் உயரத்தில் அல்ல. எஃகில் போல்ட்டின் விட்டத்துக்குச் சமமான ஆழம் மரை இருந்தால் போதும். வார்ப்பிரும்பில் ஒன்றரை மடங்கும் அலுமினியத்தில் இரண்டு மடங்கும் வைப்பது நல்ல வழக்கம். ஒவ்வொரு சுற்றும் 0.875 அகலமுள்ள புதிய அடிவாரத்தைச் சேர்க்கிறது. வலு வேண்டுமென்றால் கீழே போங்கள், குறுக்காதீர்கள். ஆழத்துக்கு இடமில்லாத மெல்லிய தகட்டில் மட்டும் மரைச் சதவீதத்தைச் சற்றுக் கூட்டிப் பார்க்கலாம். அங்கும் தகட்டின் பின்னால் நட் வைப்பது அதைவிடச் சிறந்த வழி.

இனி விடும் துளைக்கு வருவோம். இறுக்க நம்பிக்கை அதிகச் சேதம் செய்வது இங்கேதான். மேல் தகட்டில் போல்ட் ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டும் என்று 6 மி.மீ. டிரில்லை எடுக்கிறோம். தகடுகள் நகராமல் இருப்பதற்குக் காரணம் போல்ட்டின் தண்டு துளையின் சுவரில் முட்டி நிற்பதுதான் என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. நன்றாக முறுக்கிய இணைப்பில் நடப்பது வேறு. முறுக்கும்போது போல்ட் ஒரு விறைப்பான ரப்பரைப்போல நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்பு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று அழுத்துகிறது. தகடுகளை நகரவிடாமல் பிடித்திருப்பது அந்த அழுத்தத்தால் வரும் உராய்வு. 8.8 தர எம்10 போல்ட்டை அதன் தாங்குதிறனில் முக்கால்பங்கு வரை முறுக்கினால் வரும் அழுத்தம் ஏறத்தாழ 25,000 நியூட்டன். இரண்டரை டன் எடையைத் தகட்டின்மேல் ஏற்றி வைத்ததற்குச் சமம். உராய்வு எண் 0.2 என்று குறைவாக வைத்துக்கொண்டாலும், அந்தத் தகட்டை நகர்த்த 5,000 நியூட்டன், அதாவது அரை டன் விசை வேண்டும். இந்தக் கணக்கில் துளைச் சுவருக்கு இடமே இல்லை. போல்ட் எந்தப் பக்கமும் தொடாமல் துளையின் நடுவில் நின்றாலும் இணைப்பு அசையாது.

துளை இறுக்கமாக இருந்தால் இந்த அழுத்தமே கெட்டுப்போகக்கூடும். போல்ட் மேல் தகட்டில் உரசி, மரை அதன் சுவரைக் கவ்வினால், நாம் போடும் முறுக்கில் ஒரு பகுதி அந்த உரசலுக்கே போய்விடும். ஸ்பேனர் இறுகிவிட்டதாகச் சொல்லும். தகடுகளுக்கு நடுவில் இடைவெளி அப்படியே இருக்கும். இரண்டு துண்டிலும் மரை பிடித்துவிட்டால் இன்னும் மோசம்: எவ்வளவு முறுக்கினாலும் இரண்டும் ஒரே வேகத்தில் நகரும், நெருங்கவே நெருங்காது. இரண்டு பேரைச் சேர்த்து வைக்கப் போனவர் ஒருவரை மட்டும்தான் இழுக்கவேண்டும். மற்றவரை விட்டுவிட வேண்டும். அடுத்து, ஒரு போல்ட் மட்டும் உள்ள இணைப்பு அரிது. நான்கு துளை, ஆறு துளை என்று வரும்போது ஒவ்வொன்றின் மையமும் கொஞ்சம் விலகும். எம்10 போல்ட்டுக்கு 11 மி.மீ. துளை போட்டால் கிடைக்கும் 1 மி.மீ. இடம்தான் அந்த விலகலுக்கான பட்ஜெட். இரண்டு தகட்டிலும் விடும் துளை என்றால், ஒவ்வொரு தகட்டிலும் துளை மையம் 1 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் எங்கே விழுந்தாலும் போல்ட் நுழையும். கீழ்த் தகட்டில் மரை இருந்தால் அதே 1 மி.மீ.யை இரு தகடுகளும் பாதிப் பாதியாகப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். 10 மி.மீ. துளை போட்டவருக்கு இந்தப் பட்ஜெட்டே இல்லை. அவர் கடைசியில் சுத்தியலால் போல்ட்டை அடித்து நுழைப்பார். அல்லது வட்ட அரத்தை எடுத்து, அட்டவணை முதலிலேயே கொடுத்த இடத்தை அலங்கோலமாகத் தானே தேடிக்கொள்வார். 1979-ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 273 தரநிலை விடும் துளைகளை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருப்பது இதற்காகத்தான். எம்10-க்கு நெருக்கமான வகை 10.5, நடுத்தரம் 11, தாராளம் 12. மூன்றிலும் 10 என்ற எண் கிடையாது. நம் கண்முன்னால் நிற்கும் சாட்சி வேண்டுமா? வயல்வெளிகளில் நிற்கும் உயர்மின் கோபுரங்களைப் பாருங்கள். அவற்றின் கோண இரும்புகளில் 16 மி.மீ. போல்ட்டுக்குப் போடும் துளை 17.5. எஃகுக் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 800:2007 விதி, 16 முதல் 24 மி.மீ. வரையுள்ள போல்ட்களுக்கு 2 மி.மீ. இடம் விடச் சொல்கிறது. ஆயிரக்கணக்கான துளைகளைத் தனித்தனித் துண்டுகளில் போட்டு, உச்சியில் ஏறிச் சேர்க்கும் வேலை அது. அங்கே இறுக்கமான துளை கேட்பவர் ஒரு கோபுரத்தைக்கூட முடிக்கமாட்டார்.

இதற்கும் வலுவான மறுப்புகள் உண்டு. அச்சுகளும் இயந்திர உறுப்புகளும் இம்மியும் விலகாமல் உட்காரவேண்டும். இடம் விட்டால் ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் இடம் மாறிப்போகாதா என்று கேட்கலாம். மாறிப்போகும். ஆனால் இடத்தைக் காட்டுவது போல்ட்டின் வேலை அல்ல. அதற்கு டோவல் பின் இருக்கிறது. ரீமர் போட்டு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் அளவெடுத்த துளையில் அது உட்காரும். இரண்டு பின் இடத்தைக் காட்டட்டும், நான்கு போல்ட் அழுத்தட்டும். தண்டின் அளவுக்கே துளையை ரீமர் செய்து மாட்டும் பொருத்து போல்ட்களும் உண்டு. கப்பலின் தண்டு இணைப்பு போன்ற இடங்களில் அவை வேலை செய்கின்றன. அங்கே ஒவ்வொரு துளைக்கும் தனியாக உழைப்பும் செலவும் உண்டு, 10 மி.மீ. டிரில்லைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவது அந்த உழைப்புக்கு ஈடாகாது. இன்னொரு மறுப்பு அதிர்வைப் பற்றியது: இடம் இருந்தால் ஆடும், ஆடினால் நட் கழலும். 1969-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ஹார்ட் யுங்கர் வெளியிட்ட ஆய்வு, போல்ட்டுக்குக் குறுக்கே வரும் அசைவுதான் நட்டைக் கழற்றும் முதல் காரணம் என்று காட்டியது. ஆகவே இந்த மறுப்பில் சாரம் இருக்கிறது. ஆனால் அசைவு எப்போது வரும்? அழுத்தத்தால் வரும் உராய்வைக் குறுக்கு விசை வென்ற பிறகுதான். உராய்வு வென்று நிற்கும்வரை துளையில் இருக்கும் இடம் வெறும் காற்று. அங்கே ஒன்றும் ஆடுவதில்லை. மருந்து சரியான முறுக்கு, போதுமான நீளமுள்ள போல்ட், சுத்தமான தொடுபரப்பு. டிரில்லைச் சின்னதாக எடுத்தால், கழலும் நட்டுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாமல் மறையும், கழல்வது நிற்காது.

அப்படியானால் விடும் துளையை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாமா? கூடாது. இங்கே எல்லையைப் போடுவது போல்ட்டின் தலை. எம்10 அறுகோணத் தலையின் அடியில் தகட்டைத் தொடும் வட்டத்தின் விட்டம் சுமார் 14.6 மி.மீ. துளை 11 என்றால் தலை உட்காரும் வளையத்தின் பரப்பு 72 சதுர மி.மீ.; 12 என்றால் 54. முன்பு சொன்ன 25,000 நியூட்டன் அழுத்தம் இந்த வளையத்தில் இறங்கும்போது, முதல் துளையில் சதுர மி.மீ.க்கு 350 நியூட்டனுக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவதில் 460-ஐத் தாண்டும். சாதாரண இரும்புத் தகடு இரண்டாவது அளவில் நசுங்கத் தொடங்கும். நசுங்க நசுங்கப் போல்ட்டின் நீட்சி தளர்ந்து அழுத்தம் வடியும். 12 மி.மீ. துளை போட்டால் அடியில் கெட்டியான வாஷர் வேண்டும் என்பது இதனால்தான். கவனியுங்கள்: மேலே போகவும் காரணம் இருக்கிறது, கீழே நிற்கவும் காரணம் இருக்கிறது. 11 என்ற எண் அந்த இரண்டுக்கும் நடுவில் செய்துகொண்ட ஒப்பந்தம்.

மரவேலையும் இதே நியாயத்தில்தான் நடக்கிறது, பொருள்தான் வேறு. எட்டாம் நம்பர் ஸ்க்ரூவின் கழுத்து சுமார் 4.2 மி.மீ. மேல் பலகையில் அந்தக் கழுத்து தாராளமாக நுழையும் துளை. கீழ்ச் சட்டத்தில் மரையின் உள்தண்டு அளவுக்கு ஒரு துளை. மேல் பலகையில் துளை போடாமல் முறுக்கினால், முன்பு சொன்ன அதே கதை: இரண்டு மரத்திலும் மரை பிடித்துக்கொள்ளும், நடுவில் சந்து நிற்கும். கீழ்த்துளையைத் தேர்ந்தெடுக்க தச்சர்கள் அட்டவணையைத் தேடுவதில்லை. ஸ்க்ரூவுக்கு முன்னால் டிரில் பிட்டைக் கண்ணெதிரே பிடித்துப் பார்ப்பார்கள். உள்தண்டு முழுவதும் பிட்டுக்குப் பின்னால் மறையவேண்டும், மரைப்பற்கள் மட்டும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கவேண்டும். தேக்கு, வேங்கை போன்ற கெட்டி மரத்துக்கு இந்த அளவு. மெதுவான மரத்துக்கு அதைவிட ஒரு சுற்றுச் சிறியது, ஏனென்றால் அங்கே நார் அமுங்கி இடம் கொடுக்கும். கெட்டி மரத்தில் சிறிய துளை போட்டால் நாருக்கு ஒதுங்க இடமில்லாமல் பலகையின் ஓரம் வெடிக்கும். பித்தளை ஸ்க்ரூவாக இருந்தால் தலை தனியாகக் கையோடு வந்துவிடும். மர ஸ்க்ரூவின் மரை ஆழமாகவும் அகன்ற இடைவெளியோடும் இருப்பதற்கும் காரணம் நாம் முன்பே பார்த்த அடிவாரம்தான்: எஃகைவிட மரம் பலவீனம், ஆகவே இரண்டு எஃகுப் பற்களுக்கு நடுவில் மரத்துக்குத் தடித்த பல் கிடைக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, முதலில் ஒத்திவைத்த கேள்வி. எல்லாம் அட்டவணையில் இருக்கும்போது காரணம் எதற்கு? அட்டவணை ஒரு குறிப்பிட்ட நிலைமைக்கு எழுதப்பட்ட பதில். கேள்வி மாறினால் பதில் மாறும். எம்10 என்று மட்டும் சொன்னால் துளை தெரியாது. பிட்ச் 1.5 என்றால் 8.5, அதே எம்10-இல் நெருக்கமான 1.25 பிட்ச் வந்தால் 8.8. வெட்டாமல் உலோகத்தை அமுக்கி மரையை எழுப்பும் டேப் ஒன்று இருக்கிறது. அதற்கு எம்6-இல் துளை 5 அல்ல, ஏறத்தாழ 5.55, இடம்பெயர்ந்த உலோகம் உள்ளே பிதுங்கி வந்து பல்லாகவேண்டும் என்பதால் துளை பெரிது. வெட்டும் டேப்பின் அட்டவணையைப் பார்த்து அதற்குத் துளை போட்டால் டேப் அன்றே ஒடியும். பழைய இயந்திரங்களில் இன்னும் இங்கிலாந்துக்காரர் ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த 55 பாகை மரை இருக்கிறது. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் முன்வைத்தது 60 பாகை. இன்றைய மெட்ரிக் மரையும் 60 பாகை. அரை அங்குல விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை. அமெரிக்க அரை அங்குலத்தில் 13. 1956-இல் இந்தியாவில் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் வந்தும், நம் பட்டறைகளில் இன்றும் "ரெண்டு நூல் போல்ட்" என்று கேட்டால் கால் அங்குல போல்ட் கொடுக்கிறார்கள். அதன் வெளிவிட்டம் 6.35, அங்குலத்துக்கு 20 மரை என்பதால் பிட்ச் 1.27. அட்டவணை இல்லாதவரும் கழித்துப் பார்க்கலாம்: 5.08. கடையில் 5.1 டிரில் கேட்டால் போதும். காரணம் தெரிந்தவர் கைக்கு எந்த நாட்டு மரையும் அடங்கும். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர், அட்டவணையில் இல்லாத முதல் போல்ட்டிலேயே நின்றுவிடுவார்.

ஆகவே மாணவர்களே, துளை போடும் முன்னால் போல்ட்டைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். இந்தத் துளை பிடிக்கவேண்டுமா, விடவேண்டுமா என்று கேளுங்கள். பிடிக்கவேண்டுமென்றால் பிட்ச்சைக் கழியுங்கள்; வலு போதாது என்று தோன்றினால் ஆழத்தைக் கூட்டுங்கள், டிரில்லைச் சுருக்காதீர்கள். விடவேண்டுமென்றால் மனம் வைத்து விடுங்கள். இடம் காட்டும் வேலையைப் பின்னிடம் கொடுங்கள், பிடிக்கும் வேலையை முறுக்கிடம் கொடுங்கள். அடுத்த முறை கடைக்குப் போய் எம்6 போல்ட் வாங்கும்போது, கூடவே 5 மி.மீ. டிரில் ஒன்றும் 6.6 மி.மீ. டிரில் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். 6 மி.மீ. டிரில் கடையிலேயே இருக்கட்டும்.